சிரிப்பின் வரிசை

மனைவி வசுமதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முகுந்தன் கூடத்தில் உட்கார்ந்தார். வீட்டுக் கணினி இருபது வருடங்களாகப் பதிவு செய்து வைத்திருந்த அவளது சிரிப்புகளைச் சந்தோஷத்தின் அளவுப்படி, அதிகமானது முதலில் வர, அடுக்கும்படி மகள் நிரஞ்சனாவிடம் சொன்னார்.

முதல் சிரிப்பு மூச்சுமுட்ட ஒலித்தது.

"இப்படி உங்கம்மா சிரிச்சு நான் கேட்டதே இல்லையே."

நிரஞ்சனா திரையைப் பார்த்தாள். முதல் முந்நூறு சிரிப்புகளும் ஒரே வருடத்தவை.

"அப்பா, ரெண்டாயிரத்து நாற்பத்தொண்ணுல நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆன்சைட்ல, வெளிநாட்டு வேலையில. அந்த வருஷம் பூரா வீட்டுக்கே வரலைம்மா."

முகுந்தன் திரையை எட்டிப் பார்த்தார்.

"நான் வீட்ல இருந்தப்ப சிரிச்சது எங்கேர்ந்து ஆரம்பிக்குது?"

நிரஞ்சனாவின் விரல் திரையைத் தள்ளியது. தள்ளிக்கொண்டே இருந்தது.

"போதும்மா," என்றார் முகுந்தன். "பழையபடி தேதி வாரியாவே அடுக்கிடு."