மாமியின் மிளகாய்த்தூள்

டொக்டர் தன் மேலங்கியின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினார். பிறகு பாதி திறந்து காட்டினார்.

றஜீவன் மனைவி துஷாந்திக்குத் தமிழில் சொன்னான்.

"பிள்ளையின்ர முள்ளந்தண்டும் உப்பிடித்தானாம். முதல் நாலு கிழமைக்குள்ளை பூட்டுப்படோணும். கீழை பூட்டுப்படாட்டி கால் வழங்காமல் போகலாமாம். மேலை, மண்டைப் பக்கம் பூட்டுப்படாட்டி..."

அதை அவன் முடிக்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

நாலு கிழமையில் பிள்ளை தங்கியது தாய்க்கே தெரியாது. அதனால்தான் பிள்ளை உண்டாகும் முன்பே வந்திருந்தார்கள். ஃபோலிக் அமிலக் குளிசை இன்றே விழுங்கத் தொடங்க வேண்டுமாம்.

வெளியே, தூண்கள் மேல் மெட்ரோ போனது. சன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கி அடங்கியது.

சீனி வருத்தம், நீரிழிவு? இல்லை. குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை? இல்லை. அவளுடைய ஒவ்வொரு "இல்லை"யும் றஜீவனின் வாயில் பிரெஞ்சில் ஒரு குட்டி "நொன்" ஆனது.

"ஒவ்வொரு நாளும் ஏதும் குளிசை போடுறீரோ எண்டு கேக்கிறா. வலிப்புக் குளிசை சிலது முதுகைப் பூட்ட விடாதாம்."

துஷாந்திக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு.

கலியாணம் பேசியபோது அம்மா அதை மறைத்துவிட்டார். நாலு வருடமாக, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அனுப்பும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள்தான் அவளுடைய குளிசைகளும் வருகின்றன.

நல்ல காலம், றஜீவனுக்கு மாமியின் தூள்தான் வேண்டும். இங்கே லாச்சப்பலில் தமிழ்க் கடைக்குக் கடை தூள் இருக்க, "மாமி, தூள் முடியுது, அனுப்புங்கோ" என்று அவனே தொலைபேசி எடுப்பான். "மச்சான், நீ பொம்பிளையைக் கட்டினனியோ, தூளைக் கட்டினனியோ?" என்று கூட்டாளிகள் நக்கலடிப்பார்கள்.

சொன்னால் இவன் போய்விடலாம். சொல்லாவிட்டால், பிள்ளை.

"இல்லை" என்றாள்.

றஜீவன் டொக்டரின் பக்கம் திரும்பினான்.

"நொன்" சொல்ல அவ்வளவு நேரம் எடுக்காது. மூன்று வசனங்கள் பேசினான். அவளுக்கு விளங்கியது ஒரு சொல் மட்டும்.

அவளுடைய குளிசையின் பெயர்.

டொக்டர் எழுதிக்கொண்டார். நிதானமாக ஏதோ சொன்னார்.

"நீர் உம்மடை பாட்டிலை குளிசையை நிப்பாட்டக் கூடாதாம்," என்றான் றஜீவன், தன் ஜாக்கெட்டின் சிப்பைப் பார்த்தபடி. "முதல்லை வேறை குளிசைக்கு மாத்துவினமாம். அதுக்குப் பிறகு பிள்ளையைப் பற்றி யோசிப்பமாம்."

போன கிழமையும் அவன் மாமிக்குத் தொலைபேசி எடுத்திருந்தான், தூள் முடியுது என்று.

வீட்டு அலுமாரியில் பிரிக்காத தூள் பைகள் பதினொன்று இருந்தன.