சிங்க்கில் ஊற்றிய சத்தியம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் அவர்கள் இன்று முதல் குடியைத் துறக்கிறார்.

சகலமானவர்கள் என்றால் இரண்டே பேர். ஃபோர்மேனின் மனைவி. அவளைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்த அவள் அண்ணன்.

வாசலில் அவள் பெட்டி தயாராக நின்றது. இந்த முறை போனால் திரும்பி வருவதாக இல்லை.

விழா மேடை, சமையலறை சிங்க். அதன் ஓரத்தில் மூன்று பாட்டில்கள், மாலைக்குக் காத்திருக்கும் பிரமுகர்கள் மாதிரி.

முதலில் சிறப்புரை. மறுவாழ்வு மையத்தில் ஒரு வாரம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்ததில் ஃபோர்மேன் மூளை நிபுணராகியிருந்தார்.

"மச்சான், தப்பு என் மேல இல்ல. மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கு. குடிச்சுப் பழகிட்டா மூளைக்கு வேற எதுவும் ருசிக்காது. சரக்குக்காக என்ன தகிடுதத்தம் வேணாலும் பண்ணும். கட்டின பொண்டாட்டியையே ஏமாத்தச் சொல்லும்!"

அண்ணன் வாயைப் பிளந்து கேட்டார்.

அவளுக்கு இது புதிதில்லை. போன வருடம் இதே இடத்தில் கல்லீரலைப் பற்றிப் பேசினார். சபதத்துக்குச் சபதம் உறுப்புதான் மாறும்.

ஆனாலும் இன்று அவள் மனசு கொஞ்சம் இளகியிருந்தது. சிங்க்குக்கு அடியில் ஒழுகுகிறது என்று மாசக்கணக்கில் கத்தியும் அசையாத மனுஷன், காலையில் தானாகவே ஸ்பானரோடு உள்ளே புகுந்து, வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்திருந்தார்.

ஃபோர்மேன் மூடியைத் திருகினார். குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். மூன்று பாட்டிலும் காலி.

அண்ணன் கண்கலங்கிவிட்டார்.

"இதுக்கு மேல மாப்பிள்ளை என்னம்மா செய்வாரு?"

அவள் போய்ப் பெட்டியை உள்ளே இழுத்து வைத்தாள்.

அண்ணன் முகம் கழுவிக்கொள்ள சிங்க் குழாயில் கை வைத்தார்.

"ஐயோ மச்சான், குழாயத் திறக்காதீங்க!"

மூன்று பாட்டில் காலியானபோது கலங்காத குரல், இப்போது பாம்பைக் கண்டதுபோல் அலறியது.

அவள் குனிந்து சிங்க்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தாள்.

தண்ணீர் வெளியே போகும் பைப்பையே காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம். அதன் வாயில் வடிகட்டுவதற்கு ஒரு வெள்ளைத் துணி, இறுக்கிக் கட்டியிருந்தது. மூன்று பாட்டில் சரக்கும் உள்ளே பத்திரமாக இருந்தது.

"அதான் அப்பவே சொன்னேனே, இந்த மூளை இருக்கே..." என்று ஆரம்பித்தார் ஃபோர்மேன்.

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் தேய்த்த முதல் பாத்திரம் அதுதான்.