காய்ந்த தரை

கர்ட்டிஸின் நாற்காலிக்கு அடியில் மட்டும் தரை காய்ந்து கிடந்தது.

பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகுதான் ரோவீனா அதைக் கவனித்தாள். பித்தளை வாத்தியம் ஊதினால் மூச்சு குழாய்க்குள் நீராகித் தேங்கும். அதை அவ்வப்போது தரையில் வடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஊத முடியும். மற்ற ஏழு நாற்காலிகளுக்கு அடியிலும் சின்னச் சின்னக் குட்டைகள். அவனுடையதில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் அவனையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். கன்னம் உப்பியது, விரல்கள் ஹார்ன் குழலின் பொத்தான்களில் ஓடின. சத்தம்தான் வரவில்லை.

வாசலில் மடக்கினாள்.

"கர்ட்டிஸ், நீ ஊதவே இல்லியேடா."

அவனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "ஊதுறேனே. சத்தம் வராம ஊதுறேன்."

"எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸ்லேருந்து. அதுக்கு முன்னாடி ஊதினப்போ, பூனை வால்மேல கார் ஏறின மாதிரி இருக்குன்னு சொன்னது யாரு? நீதானே?"

ரோவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மே மாதம் எட்டுப் பேரும் தேர்வாளர் முன்னால் சேர்ந்து வாசிக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் மான்செஸ்டர் இசைக் கல்லூரியில் அவளுக்கு இடம். நடுவில் ஒரு பொம்மை உட்கார்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டால்?

அதைவிட வேறொன்று அவளுக்கு உறுத்தியது. இந்த இசைப் பிரிவையே காப்பாற்றியவள் அவள்.

மூடுவது அந்த ஊருக்குப் புதிதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோதும், நூலகத்தை மூடியபோதும் கூட்டம் போட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஊர் அது. மேல்நிலை வகுப்பின் இசைப் பிரிவை மூடப்போவதாகக் கல்லூரி அறிவித்தபோது ரோவீனா விடவில்லை. சந்தையில் மேசை போட்டு, மழையில் நின்று, ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து வாங்கினாள். வகுப்பு தொடங்கிய பிறகு பத்திரிகையில் அவள் படம் வந்தது. லீட்ஸ் நகரக் கல்லூரியின் இசை வகுப்பில் கிடைத்த இடத்தை உதறிவிட்டுச் சொந்த ஊரோடு நின்ற பெண் என்று கீழே போட்டிருந்தார்கள். அந்தத் துண்டை அவள் தான் ஊதும் கார்னெட் குழலின் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நேரே ஆசிரியர் ஹோல்ராய்டிடம் போனாள்.

"அவனை வகுப்பை விட்டுத் தூக்குங்க சார். இல்லேன்னா நான் பிரின்சிபால்கிட்ட போறேன்."

ஹோல்ராய்ட் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, தனக்கு அது ஜனவரியிலேயே தெரியும் என்றார். சேர்ந்து வாசிப்பதில் அவனுக்குச் சைபர்தான், அது அவனுக்கும் தெரியும், மற்றவர்கள் மதிப்பெண்ணை அது தொடாது என்றார்.

"மார்க்கு இல்ல சார் பிரச்சினை. இந்த வகுப்புக்காக நான் மழையில நின்னேன். அவன் இங்க வந்து சும்மா உக்காந்துட்டுப் போறதுக்கா?"

"காலையில கார் மெக்கானிக் வகுப்பு, மத்தியானம் இங்க. அந்தப் பையன் சும்மா உக்காந்து நான் பார்த்ததில்லை."

"மெக்கானிக்குக்கு இங்க என்ன சார் வேலை?"

ஹோல்ராய்ட் கோப்பையைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார்.

"உன்னோட கையெழுத்துக் கட்டை நிர்வாகம் மரியாதையா வாங்கி வெச்சுக்கிச்சு. படிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. அப்புறம் எல்லாருக்கும் கடிதம் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஏழு பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஏழு பேர் சேர்ந்துவிட்டார்களே என்றாள்.

"மூணரை மணிக்கு ஆறு பேர். நான் அலமாரியெல்லாம் பூட்டிட்டேன். மூணே முக்காலுக்கு இவன் வந்து நிக்கிறான், கையெல்லாம் கிரீஸ். பேரு குடுத்தா போதுமா, வரவும் வேணுமான்னு கேட்டான். வரலேன்னா ஒரே மாசத்துல பேரை அடிச்சுட்டு வகுப்பை மூடிருவாங்கன்னேன். சரின்னான். இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள் தப்பல."

"எதுக்கு சார்? அவனுக்கு ஒரு ராகம் கூட ஒழுங்கா முணுமுணுக்க வராது."

"நானும் அதைத்தான் கேட்டேன். சந்தையில அந்தப் பொண்ணுகிட்ட கையெழுத்துப் போட்டேனே சார், அப்புறம் வராம இருந்தா எப்படின்னான்."

ஆயிரத்து நூற்று நாற்பது பேர். கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைத் தட்டிக்கொடுத்தவர்கள், ஒரு வார்த்தை புரட்சி பேசிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடியவர்கள். அவர்களில் இவன் முகம் அவளுக்கு நினைவிலேயே இல்லை.

பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். சேர்ந்த தேதிப்படி பெயர்கள். பக்கத்தின் கடைசியில், ஏழாவதாகக் கர்ட்டிஸ். பக்கத்திலேயே கறுப்பாக ஒரு விரல் ரேகை.

மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள்.

"என் பேரு எங்க சார்?"

ஹோல்ராய்ட் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"லீட்ஸை விட்டுட்டு நீ வந்தது அதுக்கு அடுத்த திங்கட்கிழமை."