நினைவில் உள்ளபடி ஒரு வீடு

தமிழ்நாட்டு அகதி முகாமில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு இலங்கையின் மாங்குளத்துக்குத் திரும்பிய தவமலரை, மீள்குடியேற்ற அலுவலகத்தின் இயந்திரம் ஒரு கதிரையில் அமர்த்தி, அவள் நினைவில் இருந்த வீட்டையே ஒரே பகலில் கட்டிக்கொடுத்தது. போரில் கூரையில் ஷெல் விழுந்த ஓட்டையையும் அது மறக்கவில்லை.

“மழை வரப்போகுது தம்பி. இதுக்குள்ள எப்பிடி இருக்கிறது?”

“பிழை மெசினில இல்லை அக்கா, உங்கட நினைவிலதான். ஷெல்லடி காணாத ஆரையும் கதிரையில இருத்துங்கோ,” என்றார் அலுவலர்.

தவமலர், முகாமிலேயே பிறந்து வளர்ந்த மகள் நிரோஜாவை இருத்தினாள். மாலைக்குள் புதுவீடு எழுந்தது: பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை, சுற்றிலும் முள்வேலி, வாசலில் வருகைக் கையெழுத்து வாங்கும் மேசை.

அலுவலர் கூரையை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தார்.

“இனி ஒழுகாது அக்கா. மேசைக்கு நாளைக்கே ஒரு ஆளைப் போடுறம்.”