கடமானுக்குக் கருணை

“ஐயோ, சுடாதீங்க!” என்று பிரதீப்குமாரின் மனைவி பார்கவி கத்தினாள்.

நூறடி தூரத்தில் நின்ற கடமான் ஒரே தாவலில் புதருக்குள் மறைந்தது.

அவன் துப்பாக்கியை இறக்கினான். மேனேஜர் கிரெய்க் கூப்பிட்டாரே என்று, ஏப்ரல் குளிரில் மெல்பர்னின் கிளென் வேவர்லியிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி, குடும்பத்தோடு இந்த மலைக்காட்டுக்கு வேட்டையாட வந்திருந்தான். இந்த வருஷப் புரொமோஷன் அவர் கையில்தான் இருக்கிறது.

“ஸாரி, கிரெய்க்” என்றான்.

கிரெய்க் பார்கவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “முப்பது வருஷமா சுடறேன், பிரதீப். ஒரு உயிருக்காக இப்படிப் பதறினவங்களை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமா இருக்கு.”

தன் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை உருவிப் பையில் போட்டார். “இனிமே இதைத் தொட மாட்டேன்.”

“மம், ஐ ஆம் ஸோ ப்ரௌட் ஆஃப் யூ!” என்று மகள் தேஜஸ்வினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்த டீம் லீடர் யாருன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு” என்று கிரெய்க் பிரதீப்பின் தோளைத் தட்டினார்.

பார்கவிக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி, கோயமுத்தூரில் இருக்கும் மாமியாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் அங்கிருந்தே கூவினாள்:

“ஏங்க! மெல்பர்ன் டைமுக்கு அமாவாசை மத்தியானமே முடிஞ்சிடுச்சாம். அத்தையே சொல்லிட்டாங்க. அந்த மான் எந்தப் பக்கம் போச்சு?”