தலைக்குப் பின்னால் காலண்டர்

பொம்மனஹள்ளியில் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரம். மதிய வெயில் தரையில் வெள்ளையாய்க் கிடக்கிறது. நான் சுவரோரம் நிமிர்ந்து நிற்கிறேன். என் தலைக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரைப் பக்கத்து வீட்டு மெர்சி தூக்கிப் பிடித்திருக்கிறாள். தெற்கு சூடானில் அமைதிப்படையில் இருக்கும் என் மகன் குணசேகர் வீடியோவில் கூப்பிடும் நேரம் இது. கண்ணாடிக் கதவுக்குள்ளே அவன் அம்மா மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. துப்பாக்கி பிடித்து நிற்பவனின் கை எங்களால் நடுங்கக் கூடாது; நான் வீட்டில் நிற்பதாகவே அவன் நினைக்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்டறியாத நான், இதை மட்டும் மெர்சியிடம் கேட்டேன். “கை கடுக்குது பெரியப்பா. மொறைக்காம கொஞ்சம் சிரிங்க, மிலிட்டரிக்காரரு அவரா, நீங்களா?” என்கிறாள்.

போன் அதிர்கிறது. “நைனா, அம்மா எங்க?” “கோயிலுக்குப் போயிருக்காப்பா.” உள்ளே இயந்திரம் விட்டு விட்டு ஒலிக்கிறது, குரலை உயர்த்தி அதை மறைக்கிறேன். “வீட்ல எல்லாரும் சௌக்கியம்.” அவன் என்னைப் பார்க்கவில்லை, தலைக்கு மேலே பார்க்கிறான். “நைனா, தேதி கிழிக்காம நீ காபிகூடக் குடிக்க மாட்டியே. மூணு நாளா ஏன் கிழிக்கல?” மெர்சியின் கை தளர்கிறது. காலண்டர் மெல்ல என் தோள்மீது இறங்குகிறது.