திருப்பிப் போட்ட மூன்று

விமானத்திலிருந்து எடுக்கும் படங்களுக்காகத் தரையில் வெள்ளைக் குறி போட்ட பெயிண்டருக்கு மூவாயிரத்து அறுநூறு பாக்கி. குறிக்கு முந்நூறு வீதம், பக்கத்தில் எண் எழுதிய பன்னிரண்டு கூட்டல் குறிகள். இடம் அளந்து போட்ட அந்தக் குறிகளைப் பிடித்துத்தான் படத்தின் கோணலை நிமிர்த்தி வரைபடம் ஆக்குவார்கள்.

“பதிமூணு இருக்கேய்யா,” என்று திரையைக் காட்டினார் வரைபட அதிகாரி.

ஏரியின் நட்டநடுவில், தண்ணீர்மேல், ஒரு கூட்டல் குறி. பக்கத்தில் 13 என்ற எண். நாற்பது வயதுக்குமேல் எழுதப் படித்த பெயிண்டர் மூன்றை எப்போதும் திருப்பித்தான் போடுவார். அந்த மூன்றும் திரும்பியே இருந்தது.

“எனக்கு நீச்சலே தெரியாதுங்க சார். அத அழிச்சிடுங்க.”

“அத எடுத்தா தெருவெல்லாம் வீட்டு மேல ஏறுதுய்யா. வெச்சாத்தான் ஊரு ஒழுங்கா உக்காருது.”

பதிமூன்றுக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்.

வீட்டில் மனைவி மறுபடி எண்ணினாள். “முந்நூறு கூட இருக்கே?”

“தண்ணிக்கு வெள்ளையடிச்சேனாம்,” என்று பெயிண்டர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. “அன்னைக்குத் தொப்பலா நனைஞ்சு, பெயிண்ட் டப்பாவோட வாசல்ல வந்து நின்னீங்களே, அதுக்கு இப்பத்தான் குடுத்தாங்களா?”